ஃபிதேலியா பயணியாகப் போன ஆறு நாட்கள்

பத்தொன்பது வருஷம் நான் ஓட்டிய பேருந்தில் ஃபிதேலியா கானுல்தான் வழிகாட்டி. மரியாதைக்குத் தோன்யா ஃபிதேலியா என்று கூப்பிடுவோம். மெரிதாவில் புறப்பட்டு இசமால், உஷ்மால், காம்பெச்சே, பலென்கே என்று ஆறு நாள் சுற்று. ஸ்பானியர்கள் கட்டிய ஊர்கள் பாதி, எங்கள் மாயா முன்னோர் விட்டுப்போன கற்கள் பாதி. ஓடுகிற வண்டியில் என் பக்கத்தில் நின்று, முன்கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பயணிகளைப் பார்த்துப் பேசுவார். அதனால் அவர் முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. குரலைத்தான் தெரியும். உஷ்மாலின் பெரிய முற்றத்தில் மைக் இல்லாமலே நாற்பது பேருக்கும் கேட்கும் குரல்.

அவர் பிறந்தது உஷ்மாலுக்குப் பக்கத்தில் மூனாவில். அவருடைய அப்பா உஷ்மால் கோயில்களின் மேல் முளைக்கிற செடிகொடிகளை வெட்டிச் சுத்தம் செய்கிற வேலை பார்த்தவர். அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொண்டுபோயே மகளுக்கு அந்தக் கற்கள் பழகிவிட்டன. இருபத்திரண்டு வயதில் வழிகாட்டி உரிமம் வாங்கினார். கல்யாணம் நடந்தது. புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று தபாஸ்கோ போனவன் அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஒரே மகன் திஹுவானாவில். வருஷப் பிறப்புக்குப் போன் செய்வான்.

நாள் முழுக்கப் பேசுகிற மனுஷி சாப்பாட்டு நேரத்தில் வாயே திறக்க மாட்டார். எந்த ஊர் ஓட்டலானாலும் மூலையில் இரண்டு நாற்காலி போட்ட மேஜைதான் எங்களுக்கு. அவர் போட்ட சட்டம் அது.

"பயணிங்களோட உக்காந்து சாப்பிடக் கூடாது, காசிமிரோ. அவங்க விருந்தாளிங்க, நாம வேலைக்காரங்க. கலந்துட்டா ரெண்டு பேருக்கும் சங்கடம்."

ஐம்பத்தெட்டாவது வயதில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தேன் குடித்தார், புளிப்பு ஆரஞ்சுச் சாறு குடித்தார், மூன்று மாதமாகியும் விடவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, குரல்நாணில் கட்டி என்று சொல்லி வெட்டி எடுத்தார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் குரல் திரும்பவில்லை. காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னால் மட்டும் கேட்கிற மாதிரி ஒரு மூச்சு. அதை வைத்துக்கொண்டு வழிகாட்டி வேலை பார்க்க முடியுமா? கம்பெனியில் கேக் வெட்டி வழியனுப்பினார்கள். எந்தச் சுற்றுலாவிலும் ஒரு முறை இலவசமாகப் போய்வரலாம் என்று ஒரு சீட்டும் கொடுத்தார்கள். யாரும் அதை உபயோகிக்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் கொடுத்திருப்பார்கள்.

எட்டு மாதம் கழித்து, ஒரு பிப்ரவரி காலையில், கையில் சின்னப் பையோடு அவர் வண்டியில் ஏறினார்.

"தோன்யா, என்ன இது?" என்றேன்.

குனிந்து என் காதில் சொன்னார்: "பாக்கணும்னு வந்தேன்."

பதினான்காம் எண் ஜன்னல் இருக்கையில் உட்கார்ந்தார். எனக்கு முன்னால், பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் அவர் முகம் முதல் தடவையாக முழுசாகத் தெரிந்தது. இத்தனை வயதாகியிருக்கிறதா என்று எனக்குத் திக்கென்றது.

அந்தத் தடவை வந்தவர்கள் வடக்கே மாண்டெரேயில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். இருபத்திரண்டு பேர், ஃபிதேலியாவோடு இருபத்து மூன்று. கலகலவென்ற கூட்டம். அதில் ஒதிலா என்று ஒரு அம்மாள், ஏறியதும் என்னை வம்புக்கு இழுத்தாள்.

"உங்க ஊர்க்காரங்களுக்குத் தலை பெருசுன்னு சொல்றாங்களே, நெசமாவா?"

"நெசந்தாம்மா. அதனாலதான் தொப்பியை நாங்களே செஞ்சுக்கிறோம். வெளியூர்த் தொப்பி உள்ளேயே நுழையாது."

வண்டியே சிரித்தது. ஒதிலா அதே வேகத்தில் ஃபிதேலியா பக்கம் திரும்பினாள். "நீங்க மெரிதாவேதானா? சொந்த ஊரைச் சுத்திப் பாக்கவா டூர்ல வந்தீங்க?"

ஃபிதேலியா ஏதோ சொன்னார். என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒதிலா கொஞ்சம் காத்திருந்துவிட்டு முன் சீட்டுக்காரியிடம் குசுகுசுத்தாள்: "கம்பெனி ஆளு. அந்தப் புதுப் பொண்ணை வேவு பாக்க அனுப்பியிருக்காங்க."

புதுப் பெண் என்றது யாமிலியை. ஃபிதேலியாவின் இடத்துக்கு வந்தவள், முப்பது வயதுக்காரி, நல்ல பெண்தான். ஆனால் பழைய வழிகாட்டி பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அவளுக்கு நாக்கு குழறியது. இசமாலின் கிறிஸ்தவ மடம் கட்டிய வருஷத்தை இரண்டு விதமாகச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஃபிதேலியா முகத்தைப் பார்த்தாள். அவரோ ஜன்னல் வழியாக மஞ்சள் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஓட்டலில் பயணிகளுக்கு நீள மேஜைகள் போட்டிருந்தார்கள். ஃபிதேலியா தட்டில் பன்றிக்கறியும் தோசைக்கல் சூட்டோடு சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் நேராக எங்கள் மூலை மேஜைக்கு வந்துவிட்டார். அந்த நாற்காலியில் யாமிலி இருந்தாள். அவள் பதறி எழுந்தாள். ஃபிதேலியா கையசைத்து உட்காரச் சொன்னார். நீள மேஜைகளில் பக்கத்துப் பக்கத்தில் சிநேகிதர்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். தட்டைப் பிடித்தபடி சாப்பாட்டுக்கூடத்தின் நடுவில் அவர் நின்றார். ஒரு நிமிஷம் இருக்குமா? எனக்கு அது ரொம்ப நீளமாக இருந்தது. "வாங்க தோன்யா" என்று கூப்பிட்டிருக்கலாம். அவர் போட்ட சட்டம் என் வாயைக் கட்டிவிட்டது. கடைசியில் கொல்லைப்புற மரத்தடிக்குப் போய், மதில்மேல் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிட்டார்.

மறுநாள் உஷ்மாலில் தொப்பியை வண்டியில் விட்டுவிட்டுப் போயிருந்தார். கொடுக்கலாம் என்று போனேன். கூட்டமெல்லாம் யாமிலியைச் சுற்றி நிற்க, இவர் எதிர்ப்பக்கத்தில் கல்லால் கட்டிய அறையின் வாசல்படியில் தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"உடம்புக்கு முடியலையா?"

இல்லையென்று தலையாட்டினார். நான் குனிந்தேன்.

"இங்க இவ்வளவு குருவி இருக்குது காசிமிரோ. எனக்குத் தெரியவே தெரியாது. அப்பா சொல்வார், நான் நம்பினதில்ல. முப்பத்தஞ்சு வருஷமா நான்தானே கத்திக்கிட்டு இருந்தேன்."

பலென்கே போய்ச் சேர்ந்தது நாலாம் நாள். மலையடிக் காடு அது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் நனைந்து, சிரித்து, தள்ளிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். யாமிலி அவசரமாகத் தலைகளை எண்ணினாள். "இருபத்தி மூணு! எடுங்க, போகலாம்."

கணக்கு சரிதான், ஆனால் அந்த இருபத்து மூன்றில் ஒருவன் மழைச்சட்டை விற்க ஏறியவன். வியாபாரம் முடிந்து பின்கதவு வழியாக இறங்கிப் போய்விட்டான். நானும் அதைக் கவனிக்கவில்லை.

ஃபிதேலியா எழுந்து முன்னால் வந்தார். யாமிலியின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். கூரையில் மழை, உள்ளே பாட்டு. யாமிலிக்கு நாலு நாள் பொறுத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"தோன்யா, கையெடுத்துக் கும்பிடறேன். நான் சொன்னதுல எது தப்பானாலும் அப்புறம் சொல்லுங்க. இப்ப வேண்டாம்."

ஃபிதேலியா அவளை ஒரு பார்வை பார்த்தார். முன்கதவைத் தள்ளித் திறந்து மழையில் இறங்கினார்.

நான் என்ஜினை நிறுத்தினேன். "அவங்க காரணமில்லாம இறங்க மாட்டாங்க. திரும்ப எண்ணு" என்றேன். யாமிலி இந்தத் தடவை ஒவ்வொரு தோளையும் தொட்டு எண்ணினாள். இருபத்தொன்று வந்தது. ஒன்பதாம் இருக்கை காலி. தோன் அபுந்தியோ, கணக்கு வாத்தியார், எழுபத்தைந்து வயது. காது அறவே கேட்காது. அதனால் யாரும் அவரோடு அதிகம் பேசுவதில்லை, அவர் வண்டியில் இல்லை என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

விஷயம் சொன்னதும் வாசல் காவலாளிகள் மேலே கோயில்கள் பக்கம் தேடப் போனார்கள். நான் ஓடையோரமாகக் கீழே இறங்குகிற பாதையில் போனேன். வழி தவறுகிறவர்கள் மேலே ஏற மாட்டார்கள், கீழேதான் இறங்குவார்கள் என்று ஃபிதேலியா முன்பு எப்போதோ சொன்னது. அருவிகளுக்குக் கீழே, படிகளின் திருப்பத்தில் இருவரையும் பார்த்தேன். கிழவர் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கி உட்கார்ந்திருந்தார். அவரால் எழ முடியவில்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டு உதவிக்கு வர ஃபிதேலியாவுக்கு மனசில்லை, கூப்பிடவோ குரலில்லை. தன் மழைச்சட்டையை இரண்டு பேர் தலைக்கும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பேசிக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன, கை காற்றில் படிகளையும் கல்மூடியையும் வரைந்தது. பலென்கே அரசனின் சமாதிக் கதை. அதை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன், கையசைவிலேயே தெரிந்துவிட்டது. கிழவர் கண்ணெடுக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு, சரியான இடத்தில் சிரித்தார். நான் கொஞ்ச நேரம் மழையிலேயே நின்றேன்.

என்னைப் பார்த்ததும் கிழவர் உரக்கச் சொன்னார்: "இந்த அம்மா பேச்சுதான்பா இந்த டூர்லயே எனக்குப் புரிஞ்ச பேச்சு! மத்தவங்க வாய் அசையறது மாடு புல்லு மேயற மாதிரி இருக்குது. இவங்க ஒவ்வொரு எழுத்தையும் முழுசா சொல்றாங்க."

வண்டியில் எல்லோரும் கைதட்டினார்கள். ஒதிலா ஓடிவந்து ஃபிதேலியா பக்கத்தில் உட்கார்ந்து, காம்பெச்சேயில் வாங்கிய மிட்டாயை மடியில் கொட்டினாள். யாமிலி அழுதாள். அபுந்தியோவை வில்யாஎர்மோசா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்தே அவர் மகள் விமானத்தில் அழைத்துப்போனாள். மறுநாள் காலை ஒதிலா மறுபடி தன் சிநேகிதி பக்கத்தில்தான் இருந்தாள். பதினான்குக்குப் பக்கத்து இருக்கை மெரிதா வரை காலியாகவே வந்தது.

ஜூனில் ஃபிதேலியா வீட்டுக்குப் போயிருந்தேன். மேஜைமேல் கடிதம் கிடந்தது. அபுந்தியோ எழுதியது, ஒன்பது பக்கம்.

"பதில் போட்டீங்களா?"

"என்னத்த எழுத? எனக்கு முகத்தைப் பாத்துச் சொல்லத்தான் வரும்."

"அப்ப ஒரு நடை போயிட்டு வாங்களேன்."

சத்தமில்லாமல் சிரித்தார். "கூட்டத்தோட போகத்தான் எனக்குத் தெரியும் காசிமிரோ. தனியா எப்படிப் போறது?"

ஆனாலும் போனார். அக்டோபரில், மாண்டெரேக்கு ஒன்றரை நாள் பேருந்துப் பயணம், தன்னந்தனியாக. பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது பேருந்து நிலையத்துக்கு அழைத்துவரப் போனேன்.

"எப்படி இருந்துச்சு?"

"அங்க வெயில் அதிகம். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிடுறாங்க. நானும் அவரும் கொல்லையில உக்காந்துக்குவோம். நிறையப் பேசினேன்."

"இருந்திருக்கலாமே."

"அது அவர் மக வீடு."

பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். வீட்டு வாசலில் விளக்கைப் போட்டு, தொட்டிச் செடிகளைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னவள் மறந்திருந்தாள். ஃபிதேலியா குழாயடியில் வாளியை வைத்தார். நான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். அடுத்த வருஷமும் கடிதம் வந்ததாம். அவர் மறுபடி போகவில்லை.