கேபிளுக்குள்ள ஊசி விட்ட காலிதீன்

"இல்ல ஜுனைட், நான் ஒன்ன நம்பாம இல்ல," எண்டார் காலிதீன்.

ஜுனைட் ஒண்டும் கேக்கல்ல. கல்முனை பசார்ல இருக்கிற தன்ட கடையில ரெண்டு சுத்துக் கேபிளத் தூக்கி மேசையில வெச்சான், அவ்வளவுதான். ஆனா ஆராவது ஒரு சாமானத் தன்ட முன்னுக்கு வெச்சாலே காலிதீனுக்கு உள்ளுக்க ஒரு அரிப்பு வந்திரும்.

அவர் நிந்தவூர்ல நெல்லு வாங்கி விக்கிற மனுசன். மேல காஞ்ச நெல்லும் அடியில ஈர நெல்லுமாக் கட்டித் தந்த ஆக்கள எத்தனையோ பேரக் கண்டவர். அதனால மூட்டைட வாயத் திறந்து பாத்து வாங்குறதே இல்ல. இரும்புக் குத்தூசிய நடுவயித்துல குத்துவார், வாற நெல்லப் பல்லுல கடிப்பார், டக்கெண்டு ஒடைஞ்சாத்தான் தராசு. மகள் நிஹ்லாவுக்கு மாப்பிள்ளை பேசின நேரமும், பொடியன் விடியச் சுபஹுத் தொழுகைக்கு வாறானா எண்டு பாக்க, அவண்ட ஊருப் பள்ளிவாசல்ல போய்க் குந்தியிருந்தவர்.

அந்த நிஹ்லாவுக்குத்தான் தோஹாவுல புள்ளை கிடைச்சிரிக்கி. ஆம்புளப் புள்ளை. காலிதீன்ட முதல் பேரன். போன்ல பாத்தா முகம் ஒரு புளியங்கொட்டையளவு, அதுவும் ஆடி ஆடி நிக்கிது. மருமகன் ஒரு புறொஜெக்டர் அனுப்பியிருந்தான். "வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுதுட்டு வாங்க, எண்ட பேரனச் சுவர் நிறையக் காட்டுறன்," எண்டு சொந்தக்காரர் எல்லாருக்கும் காலிதீன் சொல்லிப்போட்டார்.

பொம்புளையள் உள்ளறையில இருந்து நிஹ்லாவோட கதைப்பாங்க, அதனால லெப்டொப் அங்க. ஆம்புளையள் முன்ஹோல்ல, புறொஜெக்டர் இங்க. "கெமராவப் புள்ளைட முகத்துல மட்டுந்தான் புடிப்பன் வாப்பா," எண்டு நிஹ்லா சொல்லிட்டா. ஆனா படத்துக்கும் கரண்டுக்கும் ரெண்டு கதவு நிலையையும் சுத்தி வயர் வரோணும். காலிதீன் சாக்குக் கட்டுற கயித்த அந்த வழியால இழுத்து, அளவெடுத்துக் கொண்டுவந்திருந்தார்.

"கரண்டுக்கு இந்தத் தடிச்ச வயர் காக்கா. உருளையில சுத்தினபடி பாவிக்கப்படாது, முழுக்க அவுத்து விடுங்க, இல்லாட்டிச் சூடேறும்," எண்டான் ஜுனைட். மூத்த ஆம்புளையள அவன் காக்கா எண்டுதான் கூப்பிடுவான்.

காலிதீன் வயர்ட நுனிய நகத்தால சுரண்டினார். செம்பு மினுங்கிச்சு. "இது சரி. மத்தது?"

"அது படம் போற கேபிள். இந்த நீளத்துக்குச் செம்பு சரிவராது, படம் வெட்டி வெட்டித்தான் வரும். இதுக்குள்ள கண்ணாடி நார். அம்புக்குறி இருக்கு பாருங்க, இந்த முனை லெப்டொப்புக்கு, அந்த முனை புறொஜெக்டருக்கு. மாத்திப் போட்டா வேலை செய்யாது."

"கரண்டுக்கு இல்லாத முன்பக்கம் பின்பக்கம் இதுக்கு மட்டும் எங்கால வந்த?"

"இது மாடு மாதிரி காக்கா. ஒரு பக்கத்தாலதான் தின்னும்."

கடையில நிண்ட ஆக்கள் சிரிச்சாங்க. காலிதீன் சிரிக்கல்ல. ரெண்டு முனையும் அடைச்ச சாமான். உள்ளுக்க என்ன கிடக்குண்டு ஆருக்குத் தெரியும்? கண்ணாடியாம், அதையும் வளைக்கலாமாம்!

வீட்ட வந்தும் மனம் ஆறல்ல. சாக்குத் தைக்கிற ஊசிய எடுத்து, கேபிள்ட நடுவுல குத்திக் கிண்டினார். வெள்ளை நூல் வந்திச்சு. முடிபோல ரெண்டு செம்பு.

"கண்டியா சுபைறா? நூல வித்துப்போட்டான்!"

"அல்லாஹ்வே, அதையும் குத்திட்டீங்களா?" எண்டா பொண்டாட்டி. "நல்லவேளை, என்னயக் கலியாணம் முடிக்கக்குள்ள ஊசி கொண்டு வரல்ல."

அவர் ஓட்டைக்கு மேல டேப்பச் சுத்திப்போட்டு, 'வெள்ளிக்கிழமை தெரியும் அவண்ட வண்டவாளம்' எண்டு இருந்தார்.

வெள்ளிக்கிழமை ஹோல் நிறைய ஆக்கள். கேபிளக் கொழுவினாங்க. சுவர் நீலமா நிண்டிச்சு, அதுல ஒரு கீறும் இல்ல. அம்புக்குறியப் பாத்தாங்க, சரியாத்தான் இருந்திச்சு. கழட்டி மறுகாவும் கொழுவினாங்க. நீலம்தான்.

உள்ளறையில பொம்புளையள்ட சத்தம். "மாஷா அல்லாஹ், கண்ணப் பாருங்களன்!" அதுக்குப் பொறகு புள்ளை அழுறது கேட்டிச்சு. எண்ட பேரன் அழுறான், நான் நீலச் சுவரப் பாத்துக்கிட்டு நிக்கிறன் எண்டு காலிதீனுக்கு நிண்ட இடத்துல நிக்க ஏலல்ல. அயல்வீட்டுப் பொம்புளையள் எல்லாம் உள்ளுக்க. அறை வாசல் வரைக்கும் போவார், தொண்டையக் கனைப்பார், கிறுகி வருவார்.

போன எடுத்தார். "ஜுனைட்! நூலத் தந்து ஏமாத்திட்டாய்! ஊர் ஆக்கள் முன்னுக்கு எண்ட மானத்த வாங்கிட்டாய்!"

ஜுனைட் மோட்டச்சைக்கிள்ல பறந்து வந்தான், கையில இன்னொரு கேபிள். ஆக்களுக்கு ஸலாம் சொல்லிட்டு, பழையத விரலால தடவிக்கிட்டே போனான். டேப்புல கை நிண்டிச்சு. பிரிச்சுப் பாத்தான். நிமிந்து காலிதீனப் பாத்தான்.

"காக்கா, இதென்ன நெல்லு மூட்டையா?"

ஹோல் குலுங்கிச்சு. ஒரு மச்சான்காரர், "பல்லுல கடிச்சும் பாத்தியா காலிதீன்?" எண்டார். "அந்த வெள்ளை நூல் காவலுக்குப் போட்டது காக்கா. அதுக்கு நடுவுல இருந்த கண்ணாடி நாரத்தான் ஊசி ஒடைச்சிரிக்கி," எண்டு ஜுனைட் காட்டினான். காலிதீன்ட காதெல்லாம் உள்ளறையிலதான்.

"நீங்க கைய வைக்காம அங்கால நில்லுங்க, அது போதும்," எண்டு சொல்லிக்கிட்டே ஜுனைட் புதுசக் கொழுவினான்.

சுவருல முகம் வந்திச்சு. நிலத்துல இருந்து முகடு வரைக்கும் ஒரு முகம். கொட்டாவி விட்டான், பல்லில்லாத வாய் கதவளவு திறந்திச்சு. ஆக்கள் கத்தினாங்க. காலிதீன் சுவருக்குக் கிட்டப் போனார். அவர்ர நிழல் புள்ளைட கன்னத்துல விழுந்திச்சு. "மறைக்காதீங்க காக்கா!" எண்டாங்க. அவர் ஒதுங்கல்ல. அந்தக் கன்னத்துல கைய வெச்சார். சுவர் குளிர்ந்து கிடந்திச்சு.

இண்டைக்குக் காலையில தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கக்குள்ள, சுபைறாக்கிட்ட சொன்னார்:

"நிஹ்லாவக் கெதியா டிக்கட் போடச் சொல்லு. அந்த மெசினு சின்னதப் பெருசாக் காட்டுது. புள்ளை என்ன பாரம் எண்டு நான் தூக்கித்தான் பாக்கோணும்."