கிலுகிலுப்பைக்கு என்ன பாலிஷ்?

போன ஞாயிற்றுக்கிழமை கிளியூரில் என் தம்பி மகள் யாழினிக்குக் காது குத்து. ஏழு மாதக் குழந்தை. மாமன் மடியில் உட்காருவாள். ஊசி இறங்கும் நேரத்தில் எதையாவது ஆட்டிக் காட்டி அவள் கவனத்தைத் திருப்ப வேண்டியது அத்தை. அதாவது, அடியேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "கிலுகிலுப்பையை நானே கடைஞ்சு கொண்டாறேன்" என்று போனில் சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் தம்பி மனைவி கவிதா மெதுவாக, "கையில ஒட்டாதுல்லீங்க அண்ணி?" என்றாள்.

நியாயமான கேள்வி! ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில், வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன லேத் வைத்துக்கொண்டு நான் மரம் கடைகிற கூத்து சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரியும். கவிதாவின் கல்யாணத்துக்கு ஒரு குங்குமச் சிமிழ் கடைந்து, வார்னிஷ் காய்வதற்குள் அவசரமாகக் கொண்டுபோய் மணமேடையில் மடியில் வைத்தேன். முகூர்த்தப் பட்டில் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தோம். வட்டமாக ஒரு கறை... இன்றைக்கும் இருக்கிறது. அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததுதான் எனக்கு உறுத்தல். இந்தத் தடவையாவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?

பிடுங்கிப் போட்ட பழைய காபிச் செடியின் அடிக்கட்டை. நல்ல வைரம் பாய்ந்த மரம். கைப்பிடியும், அதைச் சுற்றிக் கழலாமல் ஓடும் இரண்டு வளையங்களுமாகக் கடைந்தேன். ஆட்டினால் 'கலகல'. அழகு! வியாழக்கிழமை லின்சீட் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெய், பூசினேன். ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று இணையத்தில் ஒருவர் சத்தியம் செய்திருந்தார். அவர் தை மாதப் பனியில் ஏற்காட்டுக்கு வந்திருக்க மாட்டார்.

சனிக்கிழமை காலை தொட்டால் பிசுபிசு. வளையங்கள் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டன. ஆட்டினேன்... சத்தமே இல்லை. கிலுகிலுப்பை ஊமையாகிவிட்டது.

பத்து மணிக்குக் கொஞ்சம் வெயில் தலைகாட்டியது. பக்கத்து எஸ்டேட் களத்தில் காபி காய்ந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம்: எது காய வேண்டுமென்றாலும் களத்து ஓரம்தான். மிளகு, வடகம், பிள்ளைகளின் ஷூ... நானும் கிலுகிலுப்பையை ஓரத்தில் வைத்துவிட்டுச் சமையலுக்குப் போனேன்.

மதியம் திடீரென்று மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கியது. களத்து வேலை பார்க்கும் மல்லிகா என்ன செய்வாள்? எப்போதும் செய்வதைத்தான். களத்தில் கிடந்ததையெல்லாம் பலகையால் தள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டுவிட்டாள். நான் ஓடிப்போய்க் குவியலைக் கிளறினால் — உடம்பு முழுக்கக் காபித் தோல் ஒட்டி, ரவையில் புரட்டிய கட்லெட் மாதிரி வந்தது என் கிலுகிலுப்பை.

"அய்யய்யோ! களத்துல கெடந்துச்சுன்னு கூட்டிட்டனுங்கக்கா" என்று பதறினாள் மல்லிகா. அவளை எப்படித் திட்டுவது? பேக்கு நான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுப் பழையபடி வெறும் மரமாக்கினேன். வளையங்களுக்குப் பேச்சு திரும்பியது. இப்போது மணி நாலு. விடிந்தால் காது குத்து. சீக்கிரம் காய்கிற பாலிஷ் எது? வார்னிஷா? அந்தப் பேச்சே வேண்டாம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பத்து நிமிஷத்தில் காயும். ஒரு துண்டுக் கட்டையில் பூசிப் பார்த்தேன். மஞ்சு ஈரத்தில் விபூதி பூசியது போல வெளுத்துவிட்டது. அழுகையே வந்தது எனக்கு.

மனசு கேட்காமல் பின்னாலேயே வந்திருந்த மல்லிகா, எட்டி என் சமையலறையைப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, உங்க ஊட்டுப் பூரிக்கட்டைக்கு என்ன பாலிசு போட்டீங்க?"

"அதுக்கு எதுக்கு பாலிஷ்?"

"எம் புள்ள பல்லு மொளைக்கறப்ப நாளெல்லாம் பூரிக்கட்டையத்தானுங்க கடிச்சா. இப்ப காலேஜ் போறா. நொம்ப நல்லாத்தான் இருக்கறா."

அட! லேத்தை ஓடவிட்டு, கீழே கிடந்த அதே மரத்தின் சீவலை ஒரு பிடி அள்ளி, சுழல்கிற கட்டைமேல் அழுத்திப் பிடித்தேன். சூடேற ஏற மரம் மின்ன ஆரம்பித்தது. காய எவ்வளவு நேரம்? பூசினால்தானே காய்வதற்கு!

ஞாயிறு காலை. முதல் காதில் ஊசி இறங்கியதே யாழினிக்குத் தெரியவில்லை. கிலுகிலுப்பை வாய்க்குள் இருந்தது. இரண்டாவது காதுக்கு வீறிட்டு அலறி, அதாலேயே மாமன் தாடையில் ஒன்று போட்டாள். கட்டை கெட்டி என்று மாமன் சான்றிதழ் கொடுத்தார்.

கவிதா குனிந்து, கீழே விழுந்த கிலுகிலுப்பையை எடுத்தாள். உடுத்தியிருந்தது அதே முகூர்த்தப் பட்டு. அதைப் பழைய கறைக்குப் பக்கத்திலேயே வைத்து அழுத்தித் தேய்த்தாள். எடுத்துப் பார்த்தாள். சிரித்தாள்.

"ஒட்டலீங்க அண்ணி."

காது குத்தினது குழந்தைக்கு. கண் கலங்கியது எனக்கு.

நேற்று போன் செய்து கிலுகிலுப்பை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கடிச்சுக் கடிச்சு கண்ணாடியாட்டம் பளபளன்னு ஆக்கிட்டாளுங்க அண்ணி. எச்சில்தானுங்க... தொடைக்கத் தொடைக்க ஊத்துது" என்றாள்.

ஆக, கடைசியில் பாலிஷ் போட்டது யாழினி. அதுதான் இன்னும் காயவே இல்லை!