ஈசானி மூலையில் தொடங்கிய மனை

வல்லம் பக்கம் எங்கள் நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுத்தபோது, வீட்டுமனையை மட்டும் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். ஆனால் பழைய வரைபடத்தில் உள்ள மனையும் புதிதாக அளந்த மனையும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ள வேண்டும். அது வேறு வேறு என்றது.

"இன்னாய்யா, வூடு போயிடுமா?" என்று மனைவி கேட்டாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். நிலமெடுப்பு ஆபீசில் பேசக் கூச்சப்பட்டுக் கதவோரமாகவே நின்றேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த திருநெல்வேலிப் பெண்தான் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, எந்த மூலைல இருந்து அளந்தாவ?"

"ஈசானி மூலைம்மா. நல்ல காரியத்த அங்கதானே தொடங்கணும்? நான்தான் சர்வேயர் சார்கிட்ட கெஞ்சிக் கேட்டுக்கினேன்."

அவள் சிரித்துவிட்டாள். "பழைய படம் தென்மேற்குல தொடங்குது. நான் எழுதின புரோகிராம் முதல் மூலைய முதல் மூலையோடதான் ஒப்பிடுது. தப்பு என் மேலதான். ஒங்க வீடு எங்கயும் போவாது."

ஏதோ சில வரிகளை மாற்றினாள். திரையில் பச்சைக் கோட்டு மனை ஒன்று, குளத்து நீரில் இலை வருவதுபோல் மிதந்து வந்தது. பழைய படத்தின் சிவப்புக் கோட்டு மனையின் மேல் மெல்லப் படிந்தது. வேப்பமரத்துப் பக்கத்துக் கோணல்கூட அப்படியே பொருந்தியது. என் வீடு எடையே இல்லாமல் வெளிச்சத்தில் நின்றது. நன்றி சொல்லவும் மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சுற்றிலும் கம்பெனிகள் வந்த பிறகும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். எங்களுக்குள் நடந்த ஏதாவது ஒரு சண்டையை மனைவி வேறு விதமாகச் சொல்லும்போது, இப்போதெல்லாம் நான் மறுப்பதில்லை. அவள் எந்த மூலையில் தொடங்கினாள் என்று மட்டும் யோசிக்கிறேன்.