இடி கேட்டதும் எழுந்து போனவர்கள்

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குத் திருச்சியில் ரயில் ஏறினேன். பெட்டியில் நான் சுமந்தவை: ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, கேமரா ஒன்று, ஒலிவாங்கிகள் மூன்று, முப்பது அடி வயர், மாற்றுச் சட்டை ஒன்று, பதினான்கு விதிகள் எழுதிய தாள் ஒன்று. வானொலியில் முப்பத்தாறு ஆண்டுகள் பேச்சுகளைப் பதிவு செய்து, இருமல்களையும் உளறல்களையும் வெட்டி எறிந்தவன் நான். விதிகள் என்னுடையவை. ஓய்வு பெற்றபின் அவற்றை மதிக்கும் ஆள் வீட்டில் இல்லாததால் ஊர் ஊராக எடுத்துப் போகிறேன்.

போகுமிடம் சிவகாசி. கம்ப்யூட்டரில் தூரிகையோ சுட்டியோ தொடாமல், கணக்குகளாக நிரல் எழுதியே படம் வரைகிறவர்கள் ஒருநாள் கூடிப் பேசுகிறார்கள். பேச்சுகளைப் பதிவு செய்து, தொகுத்துக் கொடுக்க வேண்டும். கூட்டத்தை நடத்தும் பீர் முகமது காகித வியாபாரி. மதுரையில் நான் நடத்திய பயிற்சி ஒன்றுக்கு வந்து, கடைசி வரை தூங்காமல் இருந்த ஒரே ஆள். அந்த நன்றிக்காகவே ஒப்புக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு விருதுநகர். பேருந்து நிலையத்துக்கு எதிரே எண்ணெயில் பொரித்த பரோட்டா இரண்டு தின்றேன். என் மருத்துவர் இந்தக் கட்டுரையைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன். சிவகாசிக்கு இருபத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். ஆமத்தூர், திருத்தங்கல் தாண்டும்வரை சன்னலுக்கு வெளியே பட்டாசுக் கடைகள். தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடியிருக்கும் வாரம் என்பதால் பாதிக்கு ஷட்டர் இறங்கியிருந்தது.

"வேடிக்கை பாக்க வந்தீகளா, வெடி வாங்க வந்தீகளா?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

"படம் போடுகிறவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய."

"காலண்டர் படமா? அம்புட்டு தூரத்துல இருந்து இதுக்கா வாரீக!" என்று சொல்லிவிட்டு, என்மேல் இரக்கப்பட்டு வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

பதினொரு மணிக்குக் கல்யாண மண்டபம். வாசலில் காவலாளி சங்கரபாண்டி, ஐம்பத்தைந்து வயது, விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் ஃபோர்மேனாக இருந்தவர். உள்ளே வரும் ஒவ்வொருவரையும் விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

"எதற்கு எண்ணுகிறீர்கள்? சாப்பாட்டுக்கா?"

"சும்மா பழக்கந்தான் சார். உள்ள எத்தன பேருன்னு தெரியாட்டி எனக்கு ஒக்கார முடியாது. உங்களோட நாப்பத்தி நாலு."

பேசியவர்களில் பெரும்பாலோர் அச்சகங்களில் காலண்டர், டைரி, பட்டாசு லேபிள் வடிவமைப்பவர்கள். மதியம் வரை ஐந்து பேச்சுகள். கோலத்தைக் கணக்காக எழுதியவர் ஒருவர். மழை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வளையும் பனைமரம் வரைந்தவர் ஒருவர். எவரும் தன் ஆசிரியருக்கும் மேடைக்கும் நன்றி சொல்லிப் பத்து நிமிடம் தின்னவில்லை. வெட்ட ஒன்றுமே அகப்படாமல் என் கத்தரிக்கோல் மனம் சற்று வாடியது.

மூன்று மணிக்கு முத்துலட்சுமியின் பேச்சு. என்னை அழைத்ததே முக்கியமாக அதற்காக என்று பீர் முகமது முன்பே சொல்லியிருந்தார். வயது நாற்பத்தொன்று. பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் போடுகிறவர். வெளிநாட்டுக் கலைக்கூடம் ஒன்றில் ஆறு மாதம் தங்கி வேலை செய்யும் வாய்ப்புக்கு விண்ணப்பித்திருந்தார். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அவருடைய பேச்சின் பதிவு போய்ச் சேர வேண்டும். நிபந்தனைகள்: பார்வையாளர் முன்னால் பேசியது, இருபது நிமிடம், இடையில் ஒரு வெட்டும் கூடாது. தொகுப்பாளனை நம்பாத நிபந்தனை. மனதுக்குள் அதை மெச்சினேன்.

"பெட்டி மேல நாங்க போடுற படம் மாதிரி ஒரு வெடியும் இன்னைக்கு வரைக்கும் வெடிச்சதில்ல" என்று ஆரம்பித்தார். மண்டபம் சிரித்தது. "அந்தக் குத்த உணர்ச்சியிலதான் இதக் கத்துக்கிட்டேன்."

திரையில் ஒரு வாணம் எழுந்தது. ஒவ்வொரு பொறிக்கும் தனி எடை, தனி ஆயுள். காற்று தள்ளியது. சில பொறிகள் அவிந்தும் அவியாமலும் கீழே வந்தன. உண்மையான வாணத்தில் நாம் பார்க்க மறந்துபோகும் கடைசி இரண்டு விநாடிகளை அவர் வரைந்திருந்தார்.

பதினாலாவது நிமிடம். வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து இடி ஒன்று உருண்டு வந்தது. பெரிய இடி இல்லை. அடுத்த கணம் விளக்கு, விசிறி, திரை எல்லாம் செத்தன. சங்கரபாண்டி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டிருந்தார். கூட்டம் முழுவதும் எழுந்தது. சலசலப்பில்லை, ஓட்டமில்லை. வரிசையாக வெளியேறி, கார் நிற்கும் சிமெண்ட் முகப்பின்கீழ் கை நீட்டும் தூரம் விட்டு நின்றார்கள். முதலில் வெளியேறியவர் பேச்சாளர்.

இடி கேட்டால் மெயினை இறக்கி, கட்டடத்தைக் காலி செய்து, தலையை எண்ணுவது பட்டாசுக் கம்பெனி வழக்கம்; அங்கே வேலை பார்த்த ஆள் இல்லாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. கல்யாண மண்டபத்தில் வெடிமருந்து இல்லை என்பது அவர்கள் கால்களுக்குத் தெரியவில்லை.

நான் உள்ளேயே குனிந்திருந்தேன். விதி பதினொன்று: பேட்டரியை நம்பாதே, மின்சாரத்தில் ஓட்டு. விதி ஒன்பது: கேமராவின் சொந்த ஒலிவாங்கியை அடைத்துவிடு. இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்ததால் என்னிடம் இருந்தது பதினாலு நிமிடப் பேச்சும், அதன்பின் கேமராவில் ஓசையில்லாத இருட்டும்.

அதற்குள் பிடித்துக்கொண்ட மழையில் நனைந்த தலையோடு சங்கரபாண்டி உள்ளே வந்தார்.

"சார், வெளிய வாங்க. எண்ணிக்கையில ஒண்ணு கொறையுது."

"இங்கே வெடிக்க என்னய்யா இருக்கிறது?"

"ஒண்ணுமில்ல சார். ஆனா நீங்க இருக்கீக."

கருவியை அப்படியே வைத்துவிட்டு அவர் பின்னால் போனேன்.

வெளியே பீர் முகமது தலையில் கைவைத்து நின்றார். "அண்ணே, அக்காவுக்கு நாளைக்குக் கடைசி நாளு. இப்படிப் பண்ணிட்டீகளே!"

"கை தானாப் போயிருச்சு பாய்" என்றார் சங்கரபாண்டி. முகம் கறுத்திருந்தது.

"அண்ணாச்சிய ஏன் வைய்ற?" என்றார் முத்துலட்சுமி. "பேசிக்கிட்டிருந்த நானே ஓடியாந்துட்டேன். அவரு இறக்காட்டி நானே போயி இறக்கியிருப்பேன்."

மழை விட ஐந்தரை ஆனது. கூட்டத்தில் பாதிப்பேர் அதற்குள் ஊர் திரும்பியிருந்தார்கள். மண்டபம் மறுநாள் காதுகுத்துக்குப் பேசப்பட்டுவிட்டது. "காலையில எட்டு மணிக்கு என் கோடவுனுக்கு வாங்க" என்றார் பீர் முகமது. நான் சங்கரபாண்டியைத்தான் பார்த்தேன். மெயின் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை எட்டு மணி. கோடவுனில் ஆள் உயரத்துக்கு மேல் காகிதக் கட்டுகள். உள்ளே நுழைந்து ஒருமுறை கைதட்டினேன். எதிரொலி இல்லை. காகிதம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. எத்தனையோ லட்சம் செலவழித்த ஒலிக்கூடங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு நிகரானதைக் கேட்டதில்லை. முந்தைய நாள் வந்தவர்களில் உள்ளூர்க்காரர்கள் பத்தொன்பது பேரும் லோடு ஏற்றும் தொழிலாளர் நால்வரும் கட்டுகள்மேல் உட்கார்ந்தார்கள். ஒரே குறை, ட்யூப்லைட்டின் ரீங்காரமும் விசிறியின் முனகலும்.

கதவருகே நின்ற சங்கரபாண்டியிடம் முணுமுணுத்தேன். அவர் யோசித்தார்.

"மெயின இறக்கிருவோமா சார்? நேத்து கேக்காம இறக்கினேன். இன்னைக்குக் கேட்டுட்டு இறக்குறேன்."

பதினான்கு விதிகளில் அப்படி ஒன்று இல்லை. கருவியைப் பேட்டரிக்கு மாற்றினேன். கேமராவின் ஒலிவாங்கியையும் திறந்துவிட்டேன். அவர் நெம்புகோலை இறக்கினார். கூரைக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அப்படியோர் அமைதி.

முத்துலட்சுமி மடிக்கணினியை ஒரு கட்டின்மேல் வைத்தார். எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். நேற்றைய பேச்சுதான், ஆனால் மேடைக் குரல் போய்விட்டிருந்தது. பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோல் பேசினார். பதினாலாவது நிமிடம் வந்ததும் இருபத்துமூன்று தலைகளும் கூரையைப் பார்த்தன. வானம் சும்மா இருந்தது.

"கடைசிப் படம் இன்னைக்குக் காலையில எழுதினது" என்றார்.

கறுப்புத் திரையில் ஒரு கட்டம். உள்ளே நாற்பத்துநான்கு வெள்ளைப் புள்ளிகள். திரை ஒருமுறை வெளுத்தது. புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறி, இடைவெளி விட்டு நின்றன. கட்டத்துக்குள் ஒரு புள்ளி மட்டும் அசையாமல் இருந்தது. வெளியிலிருந்து சிவப்புப் புள்ளி ஒன்று மழைக்குள் வந்து, உள்ளே போய், அதன் பக்கத்தில் கொஞ்சநேரம் நின்றது. பிறகு இரண்டும் மெதுவாக வெளியே வந்தன.

சங்கரபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அசையாத புள்ளி யார் என்று எவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள்.

இருபது நிமிடம், பதினொரு விநாடி. முன்னும் பின்னும் மட்டும் வெட்டினேன். தொடக்கத்தில் மெயின் இறங்கும் 'டக்' என்ற ஓசையை விட்டுவைத்தேன். பணியில் இருந்த காலத்தில் அதற்கு விளக்கக் கடிதம் கேட்டிருப்பார்கள். பிற்பகல் இரண்டரைக்குப் பதிவு போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தது. முடிவு தெரிய இரண்டு மாதம் ஆகுமாம்.

"கெடச்சா அங்கன போயி என்ன வரைவீக?" என்று பீர் முகமது கேட்டார்.

"மொதல்ல மெயின் எங்கன இருக்குன்னு பாப்பேன்" என்றார் முத்துலட்சுமி.

திங்கட்கிழமை திருச்சியில் நல்ல மழை. எங்கள் தெருவில் இடி இடித்தால் சன்னலைச் சாத்திவிட்டு அவரவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவது வழக்கம். பக்கத்து வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது. முதல் இடி கேட்டதும் எழுந்து போய் மெயினை இறக்கினேன்.

"என்னங்க, கரண்ட் போயிடுச்சா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"கொஞ்சம் வாசலுக்கு வா" என்றேன்.

வந்து நின்றாள். எண்ணினேன். இரண்டு.