ரெஜினாவின் முதல் பாடம்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ்ஸில் ஏறி, வழக்கம்போல உங்கள் ரெஜினா டீச்சருக்குக் கைப்பையை வைத்து இடம் போட்டிருந்தேன். கண்டக்டர் வந்து, "ஆளு வராங்களா, இல்லியா?" என்றார். "வருவாங்க. என்னிக்கி அவுங்க நேரத்துக்கு வந்திருக்காங்க?" என்று நான் சிடுசிடுத்தபோதுதான் போன் அடித்தது. அவள் கணவர் சேவியர் அண்ணன். "மீனாம்மா, ரெஜினா நம்மள விட்டுப் போயிட்டாம்மா." விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்த இடத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்க்கவில்லை.

சிதம்பரத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில்தான் உங்களில் பலர் படித்தீர்கள். வெப்சைட்டின் முகப்பை அழகாகச் செய்ய எல்லோருக்கும் வந்துவிடும். பட்டனை அமுக்கியதும் பின்னால் இருக்கும் சர்வர் எப்படிப் பதில் அனுப்புகிறது என்ற இடத்தில்தான் பாதிப் பேர் முழிப்பீர்கள். புத்தகமெல்லாம் ஆங்கிலம். வீடியோவிலோ ஆள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போவார். "எனக்கே ரெண்டு தடவ கேட்டாத்தான் புரியுது. பண்ருட்டிலேருந்து பஸ் புடிச்சி வர்ற பொண்ணுக்கு எப்பிடிடி புரியும்?" என்றவள், தானே தமிழில் பாடங்களைப் பதிவுசெய்து போட ஆரம்பித்தாள்.

அந்தப் பதிவுகளுக்காக நான் அவளோடு போடாத சண்டை இல்லை. குக்கர் விசில் கேட்கும், மீன்காரம்மா குரல் கேட்கும். அதையாவது விடலாம். ஒரு பாடத்தில் எங்கோ ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு, புரோகிராம் ஓடாமல் நிற்க, "எங்கப்பா தப்பு? ஐயய்யோ, இங்கயும் இல்லியே" என்று வெகுநேரம் தேடுவாள். "அத வெட்டித் தொலையேன்டி, மானம் போவுது" என்றேன். "வெட்டுனா, தனக்கு மட்டுந்தான் தப்பு வருதுன்னு புள்ளைங்க நெனச்சிக்கும். தேடறதும் பாடந்தான்டி" என்றாள். கடைசிவரை ஒரு வீடியோவிலும் கத்தரி வைக்கவில்லை. பிடிவாதக்காரி.

அவள் முதன்முதலில் செய்த பக்கத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் எங்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். யாருக்கும் திறக்கவில்லை. அவள் அனுப்பியது 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தொடங்கும் முகவரி. யார் அமுக்கினாலும் அவரவர் போனுக்குள்ளேயே தேடும். விஷயம் புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்ல சோறாக்கி வெச்சிட்டு, ஊரையெல்லாம் அவுங்கவுங்க அடுப்பாண்ட போயி தொறந்து பாருங்கன்னு சொல்லிருக்கேன்!" இந்தக் கதையை அவள் வகுப்பில் கேட்காதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள்.

நீங்கள் செய்ததை ஏற்றிப் பார்க்க அவள் வைத்திருந்த சர்வர், மஞ்சக்குப்பத்து வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டர்தான். "எங்கியோ இருக்கற மெஷின்னா பயந்துக்குவாங்க. டீச்சர் வூட்டு டிவி பக்கத்துல இருக்குன்னா பயம் போயிடும்" என்பாள். முதல் பாடத்தில் கம்ப்யூட்டரை 'ஹலோ வேர்ல்ட்' என்று உலகத்துக்கு வணக்கம் சொல்ல வைப்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். அவள் பாடத்தில் மட்டும் சர்வர், "சாப்பிட்டியா?" என்று கேட்கும். கீழே இரண்டு பட்டன்கள்: 'ஆச்சு', 'இல்லை'. எதை அமுக்கினால் என்ன பதில் போக வேண்டும் என்று எழுதுவதில் தொடங்கி, படிப்படியாக மற்றதெல்லாம் வரும்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஷிப்டு பார்க்கும் சேவியர் அண்ணன், அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் சுவிட்சில் கை வைத்தபடி நின்றிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. "இத அணைச்சிடறேம்மா. அவ இல்லாத வூட்ல இது மட்டும் கொய்யுன்னு ஓடிக்கிட்டு கெடக்குது. என்னால தாங்க முடில" என்றார். அதை அணைத்தால் பாதிப் பாடத்தில் இருக்கும் அத்தனை பேர் வேலையும் நின்றுபோகும். ஆனால் அழுகிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? "ஒரே நிமிஷம்ண்ணே" என்று அவர் போனை வாங்கி, முதல் பாடத்தின் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். அவர் அதை அதுவரை பார்த்ததே இல்லையாம்.

"சாப்பிட்டியா?"

மூடியிருந்த சாப்பாட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக 'இல்லை'யை அமுக்கினார். உடனே பதில் வந்தது: "போய் மொதல்ல சாப்பிடு. பாடம் எங்கயும் ஓடிப் போயிடாது."

"இப்பிடித்தாம்மா திட்டுவா" என்று சிரித்தார். அப்படியே உடைந்து அழுதார். நானும் அழுதேன். பிறகு தட்டை எடுத்து வந்தேன். நாலு வாய் சாப்பிட்டார். கம்ப்யூட்டரை அணைக்கவில்லை.

அவள் விட்ட இடத்திலிருந்து மிச்சப் பாடங்களை இப்போது நான் பதிவுசெய்கிறேன். லாகின் பாடத்தில் ஏகத்துக்கும் தடுமாறி, கோபத்தில் மேஜையைக்கூடத் தட்டியிருக்கிறேன். எதையும் வெட்டவில்லை; அவளிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தைத்தான். காலையில் சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனில் அவள் பக்கத்தைத் திறந்து, 'ஆச்சு' என்று அமுக்குகிறேன்.

"அப்ப சரி, வா. ஆரம்பிக்கலாம்" என்கிறாள்.