சிலோன்னு சொல்லிடாதீங்க

நடுவட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் கூரை, ஒரு வெள்ளைக்காரத் துரை எந்தக் காலத்திலோ கட்டிய பங்களாவின் குதிரைக் கொட்டகை. இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, தேயிலை இருக்கும் ஊருக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அப்பா எங்களை மலைக்குக் கூட்டி வந்திருந்தார். எஸ்டேட்டில் தினக்கூலிக்கு வேலை இருந்தது. தங்குவதற்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அறை இல்லை. பங்களா பூட்டிக் கிடக்கிறது, பின்னால் கொட்டகை சும்மாதான் இருக்கிறது, இருந்துகொள்ளுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். முதலாளி கோயம்புத்தூரில் இருந்தார். அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

கொட்டகைக்குக் கற்சுவர். அப்பா உடைந்த ஓடுகளை மாற்றினார். அம்மா சாணி மெழுகினாள். பீன்ஸ் போடலாம் என்று அவள் பங்களாவின் பக்கத்தில் மண்டிக்கிடந்த உண்ணிச்செடியை வெட்டிக்கொண்டே போனபோது மண்வெட்டி ஒரு கல்லில் பட்டது. மண்ணைத் துடைத்து என்னைக் கூப்பிட்டாள். இலங்கையில் அட்டன் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கற்ற இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்று வயதில் செத்துப்போன ஓர் ஆண்பிள்ளையின் கல்லறை.

"புள்ளையா?" என்றாள் அம்மா. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஒருவன் உண்டு. பேசத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். இலங்கையில் நாங்கள் இருந்த லயத்துக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவில் அவனைப் புதைத்திருந்தார்கள். கப்பலேறப் புறப்பட்ட அன்று காலையில் அம்மா அந்த இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றதும், அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வந்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதனால் அந்த வெள்ளைக்காரப் பிள்ளையின் கல்லை அவள் தினமும் கூட்டிப் பூ வைக்கத் தொடங்கியபோது நானோ அப்பாவோ ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார். ஊட்டிக்கு வரும் வெள்ளைக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு அவர்களுடைய முன்னோர் கட்டியதையெல்லாம் காட்டுகிற கைடு. தேவாலயம், அதன் கல்லறைத் தோட்டம், பெர்ன்ஹில் அரண்மனை எல்லாம் காட்டி முடித்து, புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டு எங்கள் பங்களாவுக்கு வந்திருந்தார். கோட்டு போட்டிருந்தார். முப்பது வயது இருக்கும். அம்மா வழக்கம்போல, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?" என்றாள்.

அவர் முகம் மாறிவிட்டது. "சிலோனாம்மா நீங்க?"

"ஆமா தம்பி."

"நானுந்தாம்மா. கண்டிப் பக்கம். இந்த வார்த்தையக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!"

அன்று அவர் எங்களோடு உட்கார்ந்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டார். அதன்பின் வேனில் ஆள் இல்லாத நாட்களிலும் வந்தார். அம்மாவை அம்மா என்றே கூப்பிட்டார். நான் அவரை அண்ணன் என்றேன். வெள்ளைக்காரர்கள் வேனில் விட்டுப்போன பத்திரிகைகளை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பார். தெரியாத வார்த்தைக்குப் பொருள் சொல்வார். ஊருக்குள் கடைக்காரர்கள் எங்களைச் சிலோன்காரர்கள் என்று தள்ளி நிறுத்திப் பேசிய காலம் அது. எங்கள் பக்கம் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற தைரியத்தில் அப்பாகூட நிமிர்ந்து நடந்தார்.

ஒரு நாள் அவர் கல்லறையைப் பார்த்தபடி சொன்னார்: "அம்மா, அடுத்த வாரம் இங்கிலாந்துலேர்ந்து ஒரு கூட்டம் வருது. அதுல ஒரு கெழவி இந்தப் பங்களாவுல பொறந்தவங்களாம். நீங்க இந்தப் புள்ளைக்குப் பூ வைக்கிறதப் பாத்தா உருகிப் போயிருவாங்க. ஒண்ணே ஒண்ணு. சிலோன்னு சொல்லிடாதீங்க. உங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தப் பங்களாவுல வேல பாத்தவங்கன்னு நான் சொல்லிக்கிறேன்."

"பொய்யா தம்பி?" என்றாள் அம்மா.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். இங்கயே பொறந்து வளந்தவங்கன்னு நாலு பேரு வாயில வந்துட்டா, உங்கள இங்கேர்ந்து யாரு எழுப்ப முடியும்?"

அப்பா தலையாட்டினார். ஒரு நாட்டில் நீ அந்நியன் என்று சொல்லி அனுப்பினார்கள். வந்த நாட்டிலும் அதையே சொல்கிறார்கள். இந்த இடத்துக்காரர்கள் என்று ஒருவன் சொல்ல முன்வரும்போது வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை.

கூட்டம் வந்தது. அவர் கையை வீசி வீசிப் பேசினார். பூட்டிய பங்களாவின் கண்ணாடி வழியே அடுப்பு மாடத்தைக் காட்டினார், குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டியைக் காட்டினார், பிறகு அம்மாவைக் காட்டினார். மூன்று தலைமுறையாக விசுவாசம் மாறாத குடும்பம் என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அந்தக் கிழவி, மெலிந்து உயர்ந்தவர், கல்லறைக்கு முன் மண்டியிட்டார். செத்தது தனக்கு முன் பிறந்த அண்ணன் என்றார். முகம் பார்த்ததே இல்லையாம். எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். அம்மா எந்தப் பிள்ளைக்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் முகம் பார்க்காத அண்ணன் ஒருவன் இருக்கிறான் என்று அந்தக் கிழவியிடம் சொல்ல ஆசையாக இருந்தது. அதற்கான இங்கிலீஷ் என்னிடம் இருந்தது. சிலோன் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மழை முடிந்து வெயில் வந்த ஒரு காலையில் மேனேஜர் வந்தார். பின்னாலேயே கைடு அண்ணனும் வந்தார். நான் ஓடிப்போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்கம்மா, இந்த ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்துருங்க. பங்களாவ ரிப்பேர் பண்ணி வெள்ளைக்காரங்க வந்து தங்கற மாதிரி பண்றாங்களாமுங்க. கொட்டகையும் வேணும்னு முதலாளி சொல்லிப்போட்டாருங்க. இனிமே இவருதானுங்க எல்லாம் பாத்துக்குவாரு."

அப்பா அண்ணனைப் பார்த்தார். "தம்பி, நீங்க சொல்லுங்க தம்பி. நாங்க இங்கயே..."

அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. மேனேஜரிடம் திரும்பி, எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில் பேசினார்.

"சார், இவங்க சிலோன்காரங்க. நேத்து வந்தவங்க. இவங்களுக்கு இங்க என்ன பாத்தியதை இருக்கு? விட்டா பங்களாவையே எங்களுதுன்னு சொல்லுவாங்க. போன தடவை வந்த கெஸ்ட்டுகிட்டயே தாத்தா காலத்துலேர்ந்து இருக்கோம்னு சொன்னவங்கதானே."

அந்தப் பொய்யை உண்டாக்கிச் சொன்னவரே அவர். இப்போது அதையே எடுத்து எங்கள் மேல் வீசினார்.

அம்மா கோபப்படவில்லை. அவருக்கு எதிரே போய் நின்றாள். "நீ எந்தக் கப்பல்ல வந்த தம்பி?" என்று கேட்டாள்.

மேனேஜர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கைடும் சிலோன்காரர்தான் என்பது மேனேஜருக்கு அதுவரை தெரியாது என்று முகத்திலேயே தெரிந்தது.

"இந்தம்மா என்னமோ உளறுது சார். நான் ஊட்டிக்காரன்," என்றார்.

அப்பா பாய்களைச் சுருட்டத் தொடங்கினார். அடுப்பில் வைத்த தண்ணீரை நான்தான் கீழே கொட்டினேன். பீன்ஸ் கொடியில் பிஞ்சு விட்டிருந்தது. அம்மா அதில் கை வைக்கவில்லை.

மெயின் ரோட்டில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் தகரம் போட்ட அறை கிடைத்தது. கடைக்காரர் நல்ல மனிதர். நான் காலையில் கடையில் கிளாஸ் கழுவிவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவேன். அம்மாவுக்கு அந்தக் குளிர்காலத்தில் இருமல் பிடித்தது; வேலைக்குப் போகாத நாட்கள் அதிகமாயின. அவரைப் பற்றி அவள் பேசவே இல்லை. ஒரே ஒரு முறை, ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நிறுத்தி, "சாப்புட்ட வாயிடி அது," என்றாள். பிறகு பிசைந்தாள்.

அடுத்த கோடையில் வேன் டீக்கடை முன்னால் நின்றது. முதலில் இறங்கியவர் அந்தக் கிழவி. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வேகமாக வந்து என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

நீங்களெல்லாம் சொந்த ஊருக்கே திரும்பிப் போய்விட்டதாகச் சொன்னார்களே என்று இங்கிலீஷில் கேட்டார்.

போகவில்லை என்றேன் நான். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள் என்றேன். எங்களுக்கு வேறு ஊர் இல்லை, சிலோனிலிருந்து வந்தவர்கள், அந்த ஆள் உங்களிடம் சொன்னது பொய் என்றேன். தப்பும் தவறுமான இங்கிலீஷ்தான். ஆனால் அவருக்குப் புரிந்தது. புரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

வேன் கதவருகே நின்றிருந்த அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பதறவில்லை. சிரித்துக்கொண்டே வந்து கிழவியிடம், அறை தயாராக இருக்கிறது, நீங்கள் பிறந்த அறை, அடுப்பு மூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

கிழவி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதாவது கேட்பார் என்று நின்றேன். ஒரு கேள்வி போதும். என் கையைத் தட்டிக்கொடுத்தார், உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல் என்றார், வேனில் ஏறிக்கொண்டார். தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வேன் கிளம்பும் வரை கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை.

கைடு செய்ததைவிட இது எனக்கு அதிகமாக வலித்தது. அவராவது பிழைப்புக்குச் செய்தார் என்று பிற்பாடு, வயதான பிறகு, சொல்லிப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அழுது கட்டிப்பிடித்த ஒருவர், உண்மை தெரிந்த பிறகும், சூடான அறைக்குப் போய்விட்டார். அதற்கு எந்தச் சமாதானமும் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

தகர அறைக்குள் அம்மா போர்த்திப் படுத்திருந்தாள். வேன் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"அந்தம்மாவா வந்தது?"

"ஆமா."

"என்னா கேட்டாங்க?"

"ஒன்ன எங்கன்னு கேட்டாங்க. வந்து பாக்கணும்னாங்க. நேரமில்லையாம்."

அம்மா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நல்ல மனசு," என்றாள்.

நான் கடைக்குத் திரும்பிப் போய், வேன்காரர்கள் குடித்த கிளாஸ்களைக் கழுவினேன். அந்த வருஷமே கட்டபெட்டுப் பக்கம் அப்பாவுக்கு ஒரு லயத்து அறையோடு வேலை கிடைத்து நாங்கள் நடுவட்டத்தை விட்டுப் போனோம்.