சிக்னலைப் பார்த்தேன், கால் போகவில்லை

பிள்ளைங்களா, அப்பாவின் குறட்டையை ஃபோனில் பிடித்து ரிங்டோனாக வைத்தீர்களே, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. நேரில் சொன்னால் சிரிப்பீர்கள். அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

ஒருநாள் காலை பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் பெண்களை வேனில் ஏற்றிப் போனேன். சிக்னல் சிவப்பானது கண்ணுக்குத் தெரிந்தது. கால் பிரேக்குக்குப் போவதற்குள், முன்னால் நின்ற ஸ்கூட்டரை இடித்துவிட்டேன். விழுந்தவர் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"காலையிலேயே குடிச்சிட்டியா?"

போலீஸ்காரர் ஊதச் சொன்னார். ஊதினேன். மெஷின் ஒன்றும் காட்டவில்லை.

"குடிக்காமலே இந்த லட்சணமா? இனி வண்டியத் தொடாத."

வேனிலிருந்த பெண்களும் இறங்கிவிட்டார்கள். "உன் தூக்கத்துக்கு எங்க உசுருதான் கிடைச்சுதாண்ணா?"

உங்கள் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் அந்த ரிங்டோனைப் போட்டுக் காட்டினாள். ஒரு ராத்திரி ஒயர் மாட்டித் தூங்கவைத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா திட்டினார். "குறட்டை நிக்கிற இடத்துல தொண்டை அடைச்சு மூச்சும் நிக்குது. மூளைக்கு ஓய்வே இல்ல. அப்புறம் கண்ணு பார்த்தாலும் கால் லேட்டாத்தான் போகும்."

இப்போது தொண்டை அடைக்காமல் காற்றைத் தள்ளும் மாஸ்க்கை மூக்கில் மாட்டித்தான் தூங்குகிறேன். டாக்டரம்மா சரியென்று சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்.

நேற்று நீங்கள் ஸ்கூலுக்குப் போனபின் அந்தக் குறட்டையைப் போட்டேன். சத்தம் நின்ற இடத்தில் நானும் மூச்சைப் பிடித்தேன். சத்தம் திரும்பி வருவதற்குள், தாங்க முடியாமல் விட்டுவிட்டேன்.